ரோபோ கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் கை கற்றுக்கொள்ளுமா?

ஒரு விஜயதசமி அன்று என் அண்ணன் மகளுக்கு எழுத்து தொடங்கினார்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, அவளை மடியில் உட்காரவைத்து, ஆட்காட்டி விரலைப் பிடித்து 'அ' போடவைத்தார் தாத்தா. ஒரு சுழி, ஒரு வளைவு, கடைசியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அரிசியில் அழகான 'அ' விழுந்தது. மூன்று முறை அப்படியே போட்டார்கள். நான்காவது முறை தாத்தா கையை எடுத்துவிட்டு, "இப்ப நீயே போடு கண்ணு" என்றார். அவள் விரலை அரிசியில் வைத்தாள், ஒரு சுழி போட்டாள், நின்றுவிட்டாள். அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் விரலை நீட்டினாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தாத்தா பிடித்திருந்த நேரம் முழுக்க அவள் விரல் துவண்டுதான் கிடந்தது. அரிசியில் விழுந்த எழுத்து தாத்தாவுடையது, விரல் மட்டும் அவளுடையது. அப்படியானால் அந்த மூன்று 'அ'க்களில் எவ்வளவு அவள் கைக்குள் போய்ச் சேர்ந்தது?

இதே கேள்வியை ஆய்வுக்கூடங்களில் பல வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள், தாத்தாவின் இடத்தில் ரோபோவை வைத்து. காரணம் எளிது. மனிதக் கை ஒருமுறை இறுக்கிப் பிடிக்கும், ஒருமுறை விட்டுக்கொடுக்கும். அதை அளக்க முடியாது. ரோபோ ஒரே மாதிரி ஆயிரம் முறை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் கற்பவரின் கை எவ்வளவு விலகியது, எவ்வளவு அழுத்தியது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். பக்கவாதத்தால் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி தர இப்படிப்பட்ட ரோபோக்கள் மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டன. ஒருவர் திரும்பவும் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடுவாரா என்பது இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இதை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். மேசைமேல் இரண்டு மூட்டுகள் உள்ள ஓர் உலோகக் கை படுக்கைவாட்டில் இருக்கும். அதன் நுனியில் ஒரு கைப்பிடி. பயிற்சி பெறுபவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வார். எதிரே திரையில் ஒரு புள்ளி, அது அவர் கை இருக்கும் இடம். இன்னொரு புள்ளி, அது போய்ச் சேர வேண்டிய இடம். உலோகக் கையில் மோட்டார்களும் கோணத்தை அளக்கும் சென்சார்களும் இருக்கும். கை எங்கே இருக்கிறது என்று சென்சார் சொல்லும். எங்கே இருக்க வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதற்கேற்ப மோட்டார் கையைத் தள்ளும் அல்லது இழுக்கும். இந்தச் சுற்று பல கருவிகளில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை நடக்கிறது. அதனால் விட்டுவிட்டுத் தட்டுவது போல இருக்காது; ஒரே சீரான பிடியாகத் தெரியும்.

போக வேண்டிய பாதைக்கு இரண்டு பக்கமும் ரப்பரால் கரை கட்டிய வாய்க்கால் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கை நடுவில் போகும்வரை எதுவும் தெரியாது. கரையில் இடித்தால் மெதுவாக உள்ளே தள்ளும். கரை எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். ஒரு மீட்டருக்கு 200 நியூட்டன் என்று வைத்தால், 1 செ.மீ. விலகியதும் 2 நியூட்டன் விசை திருப்பித் தள்ளும். ஏறக்குறைய 200 கிராம் எடையைக் கையில் வைத்தது போல, அவ்வளவுதான். விறைப்பைப் பத்து மடங்கு கூட்டினால் அதே 1 செ.மீ. விலகலுக்கு 2 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். அப்போது ரப்பர் கரை கிட்டத்தட்ட சுவராகிவிடும். தப்புப் பண்ணவே இடமிருக்காது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதைத்தான் ஹேப்டிக் வழிகாட்டல் என்கிறார்கள். ஹேப்டிக் என்றால் தொடுகை சார்ந்தது. தோலில் படுவதோடு, தசையும் மூட்டும் உணர்கிற இழுப்பு, தள்ளல் எல்லாமே இதில் சேர்த்தி. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது இல்லையா? அந்த உணர்வு வழியாகத்தான் ரோபோ கையோடு பேசுகிறது. இந்தக் கட்டுரையில் ஹேப்டிக் வழிகாட்டலைச் சுருக்கமாக வழிகாட்டல் என்று சொல்கிறேன்.

பின்சீட்டில் போனவருக்கு வழி தெரியுமா?

ஒரு கை அசைவைக் கற்பது என்றால் அதில் இரண்டு வேலை இருக்கிறது. கை எந்தப் பாதையில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வது ஒன்று. அப்படிப் போகவைக்க எந்தத் தசைக்கு, எப்போது, எவ்வளவு கட்டளை அனுப்ப வேண்டும் என்று மூளை கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலாவதை வெளியிலிருந்து ஒருவர் காட்டலாம். இரண்டாவதைக் காட்டுவது கடினம், ஏனென்றால் அது வெளியே தெரியாது. தாத்தா பிடித்து எழுதும்போது குழந்தையின் விரல் பாதையை உணர்கிறது. ஆனால் விரலை ஓட்டும் கட்டளைகள் தாத்தாவின் தலையில்தான் உருவாகின்றன.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நாலு தடவை ஒரு வீட்டுக்குப் போயிருப்போம். ஐந்தாவது தடவை நாமே ஓட்டிக்கொண்டு போகும்போது இரண்டாவது திருப்பத்தில் நின்று யோசிப்போம். கண்ணைத் திறந்துகொண்டுதான் போனோம், எல்லாத் திருப்பத்தையும் பார்த்தோம். இருந்தும், முடிவெடுக்கும் வேலை நமக்கு வரவே இல்லை. ரோபோ கொண்டுபோகும் கைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருக்கிறார்கள். டேவிட் ரைன்கென்ஸ்மையரின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. பழக்கமில்லாத ஒரு வளைந்த பாதையைக் கையால் வரைய வேண்டும். ஒரு வகைப் பயிற்சியில் ரோபோ கையைப் பிடித்து அந்தப் பாதையில் கொண்டுபோனது. இன்னொரு வகையில் பாதையைக் கண்ணுக்குக் காட்டியதோடு சரி. இரண்டு வகையிலும், பிறகு தாமாகவே வரைய வேண்டும். ரோபோ பிடித்துச் சொல்லிக்கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் வரவில்லை. சும்மா பார்த்துக் கற்றதும் அதற்குச் சளைக்கவில்லை.

இவ்வளவு விலையுள்ள கருவி, கையையே பிடித்து ஓட்டுகிறது, பார்த்துக் கற்பதைத் தாண்ட முடியவில்லை என்றால் ஏன்? அதற்கு, கை எதைச் சாப்பிட்டு வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

கைக்குச் சாப்பாடு பிழைதான்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1994-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரேஸா ஷாத்மெர், ஃபெர்டினாண்டோ முஸ்ஸா-இவால்டி என்ற இருவர் செய்தது. அவர்கள் ரோபோவை உதவி செய்ய விடவில்லை. தொந்தரவு செய்யச் சொன்னார்கள்.

ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 10 செ.மீ. தூரத்தில் இருக்கும் புள்ளிக்குக் கையை நகர்த்த வேண்டும். சாதாரணமாக இதை எல்லோரும் நேர்கோட்டில்தான் செய்வோம். இப்போது ரோபோ ஒரு விசையைச் சேர்க்கிறது. கை வேகமாகப் போகப்போக அந்த விசையும் கூடும். கை போகும் திசைக்கேற்ப அது தள்ளும் பக்கமும் மாறும். முதல் சில முறைகள் பாதை கோணிப்போகிறது. நேராகப் போக நினைத்த கை எங்கோ வளைந்து, கடைசியில் கொக்கி போலத் திரும்பி இலக்கைத் தொடுகிறது. நூற்றுக்கணக்கான முறை செய்த பிறகு, விசை அப்படியே இருந்தாலும், பாதை திரும்ப நேராகிவிடுகிறது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். சொல்லாமல் கொள்ளாமல் விசையை நிறுத்தினார்கள். இப்போது தொந்தரவே இல்லை, கை சுதந்திரமாகப் போகலாம். ஆனால் கை வளைந்தது, முன்பு வளைந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். தண்ணீர் நிறைந்திருக்கும் என்று நினைத்துக் குடத்தை வேகமாகத் தூக்கி, அது காலியாக இருந்து கை துள்ளிப்போவது போல. கை வெறுமனே விறைத்துக்கொண்டு ரோபோவை எதிர்த்திருந்தால் இப்படி நடந்திருக்காது. ரோபோ எங்கே எவ்வளவு தள்ளும் என்று மூளை ஒரு கணக்கைப் போட்டு, அதற்கு எதிர்விசையை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டது? ஒவ்வொரு முறையும் நடந்த பிழையைப் பார்த்துத்தான். இவ்வளவு கோணிவிட்டது, அடுத்த முறை இவ்வளவு திருத்து என்று. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்கள் இதே சோதனையைச் செய்தால் இந்தத் திருத்தம் சரியாக வருவதில்லை. அதனால் இந்தக் கணக்கில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று தெரிகிறது.

சரி, பிழையே இல்லாமல் செய்துவிட்டால்? அதையும் 2000-இல் செய்து பார்த்தார்கள். ராபர்ட் ஷைட் என்பவரும் கூட்டாளிகளும், ஒருவர் அந்தத் தள்ளும் விசைக்குப் பழகிய பிறகு, அவர் கையை ஒரு விறைப்பான நேர் வாய்க்காலுக்குள் விட்டார்கள். நாம் மேலே பார்த்த அதே சுவர் போன்ற வாய்க்கால். விசை இப்போது இல்லை. வாய்க்கால் பிடித்துக்கொண்டிருப்பதால் கை எப்படித் தள்ளினாலும் நேராகத்தான் போகும். உள்ளே அந்தக் கை என்ன செய்தது தெரியுமா? இல்லாத விசையை எதிர்த்துத் தொடர்ந்து சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. சுதந்திரமாக விட்டிருந்தால் சீக்கிரம் மறந்திருக்கும். வாய்க்காலுக்குள் அந்தப் பழைய பழக்கம் வெகுநேரம் நின்றது, ஏனென்றால் அது தப்பு என்று சொல்ல அங்கே ஒரு பிழையும் நிகழவில்லை.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அரிசித் தாம்பாளம் முழுசாகப் புரிந்தது. தாத்தாவின் பிடி ஒரு வாய்க்கால். அதற்குள் குழந்தையின் கை என்ன நினைத்தாலும் எழுத்து சரியாகத்தான் வரும். அதனால் திருத்திக்கொள்ள எதுவும் கிடைக்காது.

பயிற்சியில் நன்றாகச் செய்வதும் கற்பதும் வேறு வேறு

இங்கே பலர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. ரோபோ பிடித்திருக்கும்போது கை அற்புதமாகப் போகும். பார்க்கிறவருக்கும் திருப்தி, செய்கிறவருக்கும் தெம்பு. அதை வைத்துக் கற்றுவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. உண்மையாகத் தெரிய வேண்டுமென்றால் ரோபோவை எடுத்துவிட்டு, ஒரு நாள் கழித்து, தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும்.

1984-இல் ஆலன் சால்மோனி, ரிச்சர்ட் ஷ்மிட், சார்லஸ் வால்டர் ஆகிய மூவர் இதை ஒரு கருதுகோளாகவே எழுதினார்கள். அவர்கள் பேசியது ரோபோவைப் பற்றி இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு "இவ்வளவு தப்பு" என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பதைப் பற்றி. அடிக்கடி சொன்னால் பயிற்சி சீராக நடக்கும். ஆனால் கற்பவர் அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்துவிடுவார். தன் உடம்பு சொல்வதைக் கேட்க மாட்டார். சொல்வது நின்றால் ஆளும் நின்றுவிடுவார். பத்து வருடம் கழித்து, 1994-இல், கரோலி வின்ஸ்டீனும் கூட்டாளிகளும் கையைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பயிற்சியில் இதைச் சோதித்தார்கள். உடல்ரீதியாக அடிக்கடி வழிகாட்டப்பட்டவர்கள் பயிற்சியின்போது அருமையாகச் செய்தார்கள். வழிகாட்டல் இல்லாமல் பிறகு சோதித்தபோது அவர்கள்தான் பின்தங்கினார்கள்.

கை ஓய்ந்துவிடுகிறது

பிழை இல்லாமல் போவது ஒரு பிரச்சினை. அதைவிடச் சிக்கலான இன்னொன்று உண்டு: ரோபோ உதவினால் கை தன் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மனிதர் மனதார முயற்சி செய்துகொண்டுதான் இருப்பார். உடம்பின் இயல்பு அப்படி. பிழை குறைவாக இருக்கும்வரை, எவ்வளவு குறைந்த உழைப்பில் வேலை முடியுமோ அவ்வளவுக்குக் குறைத்துக்கொண்டே வரும். தெருவில் ஒரே பாதையில் தினமும் நடக்கிறவர் தானாகவே குறுக்கு வழிக்கு மாறிவிடுவது போல, யாரும் முடிவெடுக்காமலே இது நடக்கிறது.

ரைன்கென்ஸ்மையரின் குழு பக்கவாதம் வந்தவர்களின் கையைத் தாங்கும் ஒரு ரோபோவை வைத்து இதைப் பார்த்தது. கை எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று ரோபோவே கற்றுக்கொண்டு அந்த அளவுக்கு உதவ வேண்டும் என்பது திட்டம். நல்ல யோசனைதான். ஆனால் நடந்தது வேறு. ரோபோ கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது, கை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. கை பலவீனமாக இருக்கிறது என்று ரோபோ இன்னும் தூக்கியது, கை இன்னும் விட்டுக்கொடுத்தது. கடைசியில் ஏறக்குறைய ரோபோதான் கையைச் சுமந்துகொண்டிருந்தது.

2008-இல் அவர்கள் வெளியிட்ட தீர்வு எனக்கு மிக அழகாகத் தோன்றுகிறது. ரோபோவுக்குள் ஒரு மறதியை வைத்தார்கள். கை சரியாகப் போய்க்கொண்டிருந்தால், ரோபோ தன் உதவியைத் தானாகவே மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வரும். கை தாழ்ந்தால் மறுபடியும் தாங்கும், அப்புறம் மறுபடியும் மறக்கும். தாங்கிப் பிடிக்கிறவர் எப்போதும் கொஞ்சம் விலகப் பார்த்துக்கொண்டே இருப்பதால் கைக்கு ஓய்ந்துபோக நேரம் கிடைக்காது. தேவைக்கு மட்டும் உதவுவது என்று இந்த முறையைச் சொல்லலாம். இப்போது வருகிற கை ரோபோக்கள் பலவற்றில் இதன் ஏதாவதொரு வடிவம் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. பிழைதான் சாப்பாடு என்றால் கூடுதலாகப் போட்டால் என்ன? கை இடப்பக்கம் 1 செ.மீ. விலகினால் ரோபோ திருத்தாமல், அதே பக்கம் இன்னும் தள்ளிவிடும். சிகாகோவில் ஜேம்ஸ் பேட்டன் குழுவினர் பக்கவாதம் வந்து நீண்ட காலமானவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்டார்கள். பிழையைப் பெரிதாக்கிய விசைகளில் பயிற்சி செய்தபோதுதான் கையின் பாதை பிற்பாடு சீரானது, பிழையைக் குறைத்த விசைகளில் அப்படி நடக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் நோயாளியின் கையைத் தப்பான பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டாம். அது அளந்து செய்கிற வேலை, தோள்பட்டை எளிதில் காயப்படும்.

அப்படியானால் வழிகாட்டலே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதில் எதுவுமே இல்லை என்றால் உலகம் முழுக்க இத்தனை தலைமுறையாக வாத்தியார்கள் அதைச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். எங்கே உதவுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தாளம். 2002-இல் கலிபோர்னியாவில் ஃபெய்கின், கீஹ்னர், டென்டிக் மூவரும் செய்த ஆய்வில், பேனா போன்ற ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு முப்பரிமாணத்தில் ஒரு பாதையைக் கற்க வேண்டும். பாதையின் வடிவத்தைக் கற்பதில் பார்த்துப் பழகியவர்கள் முன்னால் நின்றார்கள். எப்போது வேகமாக, எப்போது மெதுவாக என்ற காலக்கணக்கில் ரோபோ கையைப் பிடித்துப் பழக்கியவர்கள் முன்னால் நின்றார்கள். யோசித்துப் பார்த்தால் இது பொருந்துகிறது. வடிவத்தை எட்ட இருந்து பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். வேகம் ஏறி இறங்குவதைக் கை உணர்ந்தால்தான் சட்டென்று பிடிபடும். மிருதங்கம் கற்றுக்கொடுக்கிறவர் மாணவரின் தொடையில் தாளம் போட்டுக் காட்டுவது எனக்கு நினைவுக்கு வருகிறது.

அடுத்து, யார் கற்கிறார் என்பது. 2010-இல் மிலோவும் கூட்டாளிகளும், பின்பால் விளையாட்டு போல சரியான நொடியில் அடிக்க வேண்டிய ஒரு பயிற்சியில் வழிகாட்டுவதையும் பிழையைப் பெரிதாக்குவதையும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் மிகவும் தடுமாறியவர்களுக்கு வழிகாட்டல் அதிகம் உதவியது. ஏற்கெனவே ஓரளவு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பிழையைப் பெரிதாக்கியது அதிகம் உதவியது. இது நடைமுறையில் எல்லோரும் பார்ப்பதுதான். ஒன்றுமே தெரியாதவர் செய்யும் பிழை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சிதறும், அதிலிருந்து மூளைக்கு எந்தச் செய்தியும் கிடைக்காது. அவருக்கு முதலில் 'இது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்' என்ற ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியை ரோபோ தரலாம். அதற்குப் பிறகு ரோபோ வழியை விட்டு நகர வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் ஆச்சரியமானது. கனடாவின் ஒண்டாரியோவில் பால் கிரிபிளின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோ கையைச் சரியான பாதையில் கொண்டுபோகும். கை சும்மா இருக்கும். பிறகு அவர்களே முயற்சி செய்ய வேண்டும். இப்படி உணர்ந்து பார்க்கக் கிடைத்தவர்கள், அது கிடைக்காதவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். இது இர்வைன் முடிவோடு மோதுகிறதே என்று தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. இங்கே ரோபோ காட்டியது சொந்த முயற்சிக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்தது. அங்கே கேள்வி, பார்த்துக் கற்பதைவிட ரோபோ உசத்தியா என்பது. காட்டுவது உதவும், முயற்சிக்குப் பதிலாக வரும்போதுதான் கெடுக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நான்காவதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று தெரியவில்லை, ஆனாலும்: பிழை ஆபத்தாக முடிகிற இடங்களில் வழிகாட்டல் கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலி ஓட்டப் பழகுகிறவரைச் சுவரில் மோதிக் கற்றுக்கொள்ளச் சொல்ல முடியாது.

மருத்துவமனைக்கு வந்தபோது

1980-களின் கடைசியில் நெவில் ஹோகனும் அவர் குழுவினரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு கை ரோபோவை உருவாக்கத் தொடங்கினார்கள். பக்கவாத நோயாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரையில் புள்ளியைத் தொட முயல்வார். முடியாத இடத்தில் ரோபோ கொண்டுபோய்ச் சேர்க்கும். 1990-களில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் நோயாளிகளோடு பயன்படுத்தத் தொடங்கினார்கள். நம்பிக்கை பெரிதாக இருந்தது.

நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்ப வர வேண்டுமென்றால் மிக அதிக முறை செய்ய வேண்டும். வட அமெரிக்காவில் சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணிய ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. காரியத்துக்குப் பயன்படும் கை அசைவுகளைச் செய்யவைத்த அமர்வுகளில், சராசரியாக வெறும் 32 முறைதான் அந்தப் பயிற்சி நடந்திருந்தது. ரோபோவோடு உட்கார்ந்தால் ஒரே அமர்வில் பல நூறு முறை செய்யலாம், அதற்கு அலுப்பே வராது.

பிறகு பெரிய சோதனைகள் வந்தன. 2010-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. பக்கவாதம் வந்து 6 மாதமாவது கடந்தவர்கள், 12 வாரப் பயிற்சி. அந்த 12 வார முடிவில் வழக்கமான கவனிப்பைவிட ரோபோ தெளிவாக மேலே வரவில்லை. 36 வாரம் வரை பார்த்தபோது கொஞ்சம் மேலே வந்தது. ஆனால் ரோபோவுக்கு ஈடான தீவிரத்தோடு மனிதர் தந்த சிகிச்சையைத் தாண்டவில்லை. 2019-இல் பிரிட்டனிலிருந்து இன்னும் பெரிய ஆய்வு: 770 பேர். ரோபோப் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுடையதைவிட அன்றாடக் காரியங்களில் மேம்படவில்லை.

இந்த முடிவைப் பார்த்து ரோபோவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பக்கவாதம் வந்தவரின் கையில் ஆரோக்கியமானவர் கையில் இல்லாத பல சிக்கல்கள் உண்டு. மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை போகும் பாதையே சேதமாகியிருக்கும். சிலருக்கு விரல்கள் இறுகி மூடியிருக்கும். மேசைமேல் புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கை போவதற்கும், டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. விரலும் மணிக்கட்டும் வராமல் தோளும் முழங்கையும் மட்டும் வந்து என்ன பயன்? ஆனால் ஒன்று தெளிவாகிறது. ரோபோ வந்து கையைப் பிடித்துக்கொண்டதாலேயே கை கற்றுவிடாது. ரோபோவின் பெரிய பலம், நிறைய முறை செய்யவைப்பது. அந்த நிறைய முறையும் அவருடைய சொந்த முயற்சியாக இருக்க வேண்டும்.

நம் ஊரிலும் இதில் வேலை நடக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து புளூட்டோ என்று ஒரு சிறிய கருவியை உருவாக்கியிருக்கின்றன. மேசைமேல் வைக்கும் அளவுதான். ஒரே மோட்டார், கைப்பிடியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் விரல்களை விரித்து மூடுவதற்கும் பயிற்சி செய்யலாம். பெரிய ரோபோக்களின் விலையை நினைத்தால், நம் மருத்துவமனைகளுக்கும் வீடுகளுக்கும் இப்படிப்பட்ட கருவிகள்தான் வந்து சேரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது எங்கள் ஊரில் எந்த ரோபோவும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வருவார். முதல் சில வாரங்கள் அவர் பெரியப்பாவின் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, கையை முழுக்கத் தூக்கி மேசைமேல் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் வரைக்கும் கொண்டுபோவார். அப்புறம் ஒரு நாள் உள்ளங்கையை எடுத்துவிட்டு இரண்டு விரலை மட்டும் வைத்தார். "ஐயா, நீங்க தூக்குங்க. நான் கூடவே வர்றேன்" என்றார். "முடியலம்மா" என்றார் பெரியப்பா. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். கை நடுங்கிக்கொண்டு கொஞ்சம் எழுந்தது, இடப்பக்கம் சாய்ந்தது, டம்ளரைத் தட்டிவிட்டது. டம்ளரை எடுத்து அதே இடத்தில் வைத்தார். மறுபடியும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து நான் போனபோது அந்த இரண்டு விரலும் முழங்கைக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றன. கை தாழ்ந்தால் தொடும், நிமிர்ந்ததும் விலகிவிடும். பெரியப்பா டம்ளரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது முறை கை போய் வந்ததில், மூன்று முறைதான் அந்த விரல்கள் அவர் முழங்கையைத் தொட்டன.